மூன்றாம் பிரிவு

என் அப்பாவின் கார்டை நான்தான் பஞ்ச் செய்தேன். அதில் விசேஷம் ஒன்றும் இல்லை. மில் தொழிலாளர்களின் விவரத்தாள்கள் கட்டுக் கட்டாக என் மேசைக்கு வந்துகொண்டிருந்தன. அவற்றில் ஒன்றில் பூலோகம், வயது நாற்பத்தொன்பது, ப்ளோ ரூம், விலாசம் தாராவி என்று எழுதியிருந்தது. கட்டு பக்கத்து மேசைக்குப் போயிருந்தால் அந்தப் பெண் செய்திருப்பாள்.

அறுபத்தேழாம் வருஷம். எங்கள் ஆபீஸ் செம்பூரில் இருந்தது. ஏதாவது கம்பெனியோ சர்க்கார் இலாகாவோ ஒரு மலை அளவு விவரத்தைக் கொண்டுவந்து கொட்டி, இதிலிருந்து என்ன தெரிகிறது சொல்லுங்கள் என்று கேட்கும். நாங்கள் அதை அட்டைகளில் ஓட்டைகளாக மாற்றுவோம். கம்ப்யூட்டர் வேறு இடத்தில் இருந்தது. அட்டைகளைப் பெட்டியில் அடுக்கி வேனில் அனுப்பினால் மறுநாள் நீளமான பேப்பராகத் திரும்பி வரும். நீ என்ன வேலை பார்க்கிறாய் என்று தாராவியில் யாராவது கேட்டால், ஓட்டை போடுகிறேன் என்று சொல்வேன். சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை.

அம்மா அதற்கு முந்தின ஆடியில் மஞ்சள் காமாலையில் இறந்துபோனாள். அதற்குப் பிறகு எனக்கு எதுவும் பெரிதாக உறைப்பதில்லை. குழம்பில் உப்பு இல்லை என்பதுகூட அப்பா சொல்லித்தான் தெரியும். துக்கம் என்றால் அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை. காது அடைத்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான்.

இந்த மில் கணக்கு வந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். பஞ்சுத் தூசியில் வேலை செய்பவர்களுக்கு நெஞ்சில் ஒரு நோய் வருகிறது. பீடி குடிப்பவனுக்கும் இருமல் வரும், சளி பிடித்தவனுக்கும் இருமல் வரும். யாருக்குத் தூசியால் வந்தது என்று பிரிக்க வேண்டும். தூசி நோய்க்காரர்களை மில்காரர்கள் அதே சம்பளத்தில் துணி மடிக்கும் டிபார்ட்மெண்டுக்கு மாற்றுவதாக யூனியனுக்கு வாக்குக் கொடுத்திருந்தார்கள். அங்கே தூசி கிடையாது. ஆயிரக்கணக்கான ஆட்களை ஒரே டாக்டர் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க முடியாது. அதனால் அவர் கொஞ்சம் பேரை மட்டும் சோதித்து, இவனுக்கு உண்டு, இவனுக்கு இல்லை என்று இரண்டாகப் பிரித்துக் கொடுத்தார். மீதிப் பேரைக் கம்ப்யூட்டர் பிரிக்கும்.

எங்கள் மேலதிகாரி வேங்கடசுப்ரமணியன், மாட்டுங்காக்காரர். கணக்கைத் தவிர மற்றதெல்லாம் தொந்தரவு என்று நினைப்பவர். கெட்டவர் கிடையாது. எங்களுக்குப் புரிகிறதோ இல்லையோ, ஒவ்வொரு வேலைக்கும் முன்னால் ஒரு சின்னப் பிரசங்கம் செய்வார்.

"அரிசில கல் பொறுக்கற மாதிரிதாம்மா இது. எது அரிசி, எது கல்லுனு முதல்ல ஒருத்தர் காட்டிக் குடுக்கணும். அதை டாக்டர் பண்ணிட்டார். வயசு, சர்வீஸ், எவ்வளவு மூச்சு ஊதறான், பீடி உண்டா, இப்படி எட்டு சமாச்சாரம். ஒவ்வொண்ணுக்கும் ஒரு வெயிட்டு. பெருக்கிக் கூட்டினா ஆளுக்கு ஒரு நம்பர் வரும். கோட்டுக்கு மேல போனா முதல் பிரிவு, கீழே வந்தா இரண்டாம் பிரிவு. எத்தனை பிரிவுங்கறதை ஒழுங்கா முடிவு பண்ணிட்டா, மிச்சமெல்லாம் வெறும் கூட்டல் பெருக்கல்."

அந்த எட்டில் கடைசிக் கேள்விக்குத்தான் எடை அதிகமாக வந்திருந்தது. ஞாயிறு சுட்டி, அதாவது விடுமுறை, முடிந்து திங்கட்கிழமை வேலைக்கு வந்தால் நெஞ்சு முட்டுகிறதா? இந்த நோயின் அடையாளமே அதுதானாம். ஒரு நாள் தூசி இல்லாமல் நெஞ்சு இளகும். மறுநாள் தூசி பட்டதும் இறுகும். ஆமாம் என்றால் ஒன்று, இல்லை என்றால் இரண்டு. அப்பாவின் தாளில் இரண்டு என்று இருந்தது. நான் இரண்டை அடித்தேன். கோட்டுக்குக் கீழேதான் விழுவார் என்று கம்ப்யூட்டர் இல்லாமலே எனக்குத் தெரிந்தது. இருபத்திரண்டு வருஷம் ப்ளோ ரூமில் பஞ்சுப் பொதியைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருக்கிற மனுஷர். குழாயடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீர் தூக்கி வந்தால், வாசலில் வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேச மாட்டார்.

அன்று சாயங்காலம் சோறு போடும்போது கேட்டேன்.

"எப்பா, மில்லுல ஒங்ககிட்ட ஏதோ கேட்டு எழுதிட்டுப் போனாங்களாமே?"

"கேட்டான். கொழாயில ஊதுன்னான். ஊதுனேன்."

"திங்கக்கெழம நெஞ்சு முட்டுதான்னு கேட்டிருப்பாங்களே."

"கேட்டான். எல்லா நாளும் ஒரே மாதிரிதான்டேன்னேன்." அப்பாவின் முகத்தில் ஒரு பெருமை. "கூட நின்ன பயலுவ பூரா முட்டுது முட்டுதுங்கான். ஞாயித்துக்கெழம பூரா படுத்து உருண்டா மறுநா ஒடம்பு வணங்குமா? நான் சுட்டியே எடுக்கதில்ல பாத்துக்க."

அது உண்மை. அம்மா போன பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வீட்டில் தங்குவதில்லை. எங்கள் சந்தின் முனையில் ஜெயினுலாப்தீன் மாமாவின் மெத்தைப் பட்டறை இருக்கிறது. மாமாவுக்கும் எங்கள் பக்கத்து ஊர்தான். அப்பா காலையிலேயே போய் நாண் வில்லை எடுத்துப் பஞ்சு அடிக்க உட்கார்ந்துவிடுவார். கூலி வாங்குவதில்லை. மாமா டீ வாங்கித் தருவார், பேச்சுத் துணைக்கு ஆள் உண்டு. இருட்டும் நேரத்துக்குத் தலையெல்லாம் வெள்ளையாக வருவார்.

சோற்றைப் பிசைந்தபடி யோசித்தேன். வாரம் ஏழு நாளும் பஞ்சுத் தூசிதான் என்றால், திங்கட்கிழமை மட்டும் எப்படி வித்தியாசமாகத் தெரியும்? அவருக்கு நோய் இருக்கிறது. கேள்விதான் அவரைத் தொடவில்லை. ஓய்வு எடுக்கிறவனை மட்டும் பிடிக்கிற கேள்வி அது.

மறுநாள் வேங்கடசுப்ரமணியனிடம் சொன்னேன். என் அப்பா என்று சொல்லவில்லை. தாராவியில் நிறையப் பேர் ஞாயிற்றுக்கிழமையும் மெத்தைப் பட்டறை, மூட்டைக் கிடங்கு என்று போகிறார்கள் சார் என்றேன். பாதி கேட்கும்போதே புரிந்துகொண்டார்.

"அடடா. அந்த டாக்டர்ட்ட படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, சுட்டி எடுக்கறானானு ஒரு கேள்வி சேருங்கோனு! சேர்க்கலை பாரு." டாக்டரிடம் அவர் அப்படிச் சொன்னதாக எனக்கு ஞாபகம் இல்லை. ஆனால் உடனே எழுந்து போய் டாக்டருக்குப் போன் செய்தார். ஞாயிறும் வேலைக்குப் போகிறவர்கள் இரண்டு ஞாயிறு கட்டாயம் ஓய்வு எடுக்க வேண்டும், அதற்கப்புறம் எட்டாவது கேள்வியை மட்டும் திரும்பக் கேட்க வேண்டும் என்று ஏற்பாடாயிற்று.

அப்பாவைச் சம்மதிக்க வைப்பது லேசாக இல்லை. மில் உத்தரவு என்று சொல்லித்தான் வீட்டில் உட்கார வைத்தேன். உட்கார்ந்தார் என்றால் உட்கார்ந்தார். முதல் ஞாயிறு காலையில் நன்றாக எரிந்துகொண்டிருந்த பம்ப் ஸ்டவ்வைப் பிரித்து, துடைத்து, திரும்பப் பூட்டினார். பிறகு அம்மாவின் டிரங்குப் பெட்டியைத் திறந்து, உள்ளே எதையும் தொடாமல் மூடினார். மணி என்ன, மணி என்ன என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான் சொல்லிக்கொண்டே இருந்தேன். ஒரே அறையில் அப்பாவும் மகளும் ஒரு நாள் முழுவதும் இருந்தோம். பேச எங்களிடம் ஒன்றும் இல்லை. முன்னெல்லாம் எங்கள் இரண்டு பேர் பேச்சும் அம்மா வழியாகத்தான் போகும்.

இரண்டாவது ஞாயிறு, இந்த மனுஷர் பிரிப்பதற்கு வீட்டில் வேறு சாமான் இல்லை என்று, கிங்ஸ் சர்க்கிளுக்கு அழைத்துப் போனேன். தோட்டத்தில் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஹோட்டலில் இட்லி சாப்பிட்டோம். மல்லிகைப்பூ விற்கிறவளைத் தாண்டும்போது அப்பா நின்றார். வாங்கவில்லை. மெதுவாக நடந்து வீடு வந்து சேர்ந்ததும், "இனிமே இப்பிடியெல்லாம் போவாண்டாம்ளா" என்றார்.

மறுநாள் திங்கட்கிழமை. ஷிப்ட் விட்டு அப்பா வரும் நேரத்துக்கு நான் வாசலில் நின்றேன். இதை ஒளிக்காமல் சொல்கிறேன்: அவருக்கு நெஞ்சு முட்ட வேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். பெற்ற தகப்பன் மூச்சு முட்டி வரட்டும் என்று ஒருத்தி சாமியிடம் கேட்பாளா? நான் கேட்டேன்.

அப்பா சிரித்துக்கொண்டே வந்தார்.

"நான் சொல்லல? ஒரு வித்தியாசமும் இல்ல. நேத்து எப்பிடியோ இன்னைக்கும் அப்பிடித்தான். கேக்க வந்தவன்ட்டயும் சொல்லிட்டேன். எனக்கு ஒரு நோயும் இல்ல, எழுதிக்கோன்னேன்."

அந்த வாரம் திருத்தின தாள்கள் வந்தன. மற்ற பலருக்கு இரண்டு போய் ஒன்று வந்திருந்தது. இரண்டு ஞாயிறு ஓய்வில் அவர்கள் நெஞ்சு இளகி, திங்கட்கிழமை இறுகியிருக்கிறது. கேள்வி சரியாகத்தான் வேலை செய்தது. அப்பாவுக்கும் அவர் மாதிரி ஒரு கைப்பிடி ஆட்களுக்கும் மட்டும் இரண்டு அப்படியே நின்றது. நான் திரும்பவும் இரண்டை அடித்தேன். விரலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தக் கைப்பிடி ஆட்களின் தாள்களை மட்டும் தனியாகக் கொண்டுபோய் வேங்கடசுப்ரமணியன் மேசையில் வைத்தேன். "சார், இவங்கள்லாம் ரொம்ப வருஷ சர்வீஸ். மூச்சு எல்லாரையும் விடக் கொறச்சலா ஊதியிருக்காங்க. ஆனா திங்கக்கிழமை இல்லைங்கறாங்க. இவங்களுக்கு நோய் இல்லையா சார்?"

அவர் தாள்களைப் புரட்டினார். காபி ஆறிக்கொண்டிருந்தது. எழுந்து போன் இருந்த அறைக்குப் போனார். டாக்டரிடம் வெகு நேரம் பேசினார். திரும்பி வந்தபோது முகம் பளபளவென்று இருந்தது. அவருக்கு ஒரு நல்ல கணக்குக் கிடைத்துவிட்டது.

"கடைசி ஸ்டேஜும்மா இவாளுக்கு. ஆரம்பத்துலதான் திங்கட்கிழமை முட்டும். அப்புறம் செவ்வாயும் சேரும், புதனும் சேரும். முத்திப் போச்சுனா எல்லா நாளும் முட்டும். நாளுக்கு நாள் வித்தியாசமே இருக்காது. அது பழகியும் போயிடும். நம்ம ஃபார்முலா இவாளை ஆரோக்கியமா இருக்கறவாளோட கொண்டு சேர்த்திருக்கு!"

"டாக்டர் பிரிச்சுக் குடுத்ததுல இந்த மாதிரி ஆளே இல்லையா சார்?"

"எப்படி இருப்பான்? இந்த நிலைமைக்கு வந்தவன் வேலையை விட்டுட்டு ஊருக்குப் போயிருப்பான். மில்லுல இருக்கறவாளைத்தானே டாக்டர் பார்த்தார்." பென்சிலை எடுத்தார். "தப்பு கூட்டல்ல இல்லை. பிரிவு ரெண்டுனு வச்சோமே, அதுலதான். மூணுனு வைக்கணும்."

மூன்று நாள் அவர் வேறு எதையும் தொடவில்லை. மூச்சும் சர்வீஸும் எட்டாவது கேள்வியும் ஒன்றுக்கொன்று எப்படி நின்றால் மூன்றாம் பிரிவு என்று கோடு போட்டார். அட்டைகள் திரும்ப வேனில் போயின. பேப்பர் வந்தது. அப்பா மூன்றாம் பிரிவில் இருந்தார். முதல் பிரிவுக்காரர்களையே மாற்றுகிறார்கள் என்றால் இவர்களை அதற்கு முன்னால் மாற்றுவார்கள் என்றார் வேங்கடசுப்ரமணியன். எனக்கும் அப்படித்தான் பட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? அன்று செம்பூரிலிருந்து வரும்போது பஸ்ஸில் எனக்குப் பசித்தது. எத்தனையோ மாதத்துக்கப்புறம் தானாக வந்த பசி. சயானில் இறங்கி வேர்க்கடலை வாங்கித் தின்றுகொண்டே வீட்டுக்கு நடந்தேன்.

மில் கமிட்டியின் முடிவு அடுத்த மாதம் வந்தது. முதல் பிரிவு, துணி மடிக்கும் டிபார்ட்மெண்ட். இரண்டாம் பிரிவு, இருக்கிற இடத்திலேயே. மூன்றாம் பிரிவு, எந்த டிபார்ட்மெண்டுக்கும் உடல் தகுதி இல்லை. கணக்கைத் தீர்த்து அனுப்பிவிடவும். யூனியனுக்குக் கொடுத்த வாக்கில் மூன்றாம் பிரிவு என்று ஒன்று இல்லவே இல்லையாம். சட்டப்படி அவர்கள் சொன்னது சரி.

வேங்கடசுப்ரமணியன் அந்தக் கடிதத்தை என்னிடமே கொடுத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது நம்ம கையில இல்லைம்மா. நாம பிரிச்சுத்தான் குடுத்தோம். அதை வச்சுண்டு அவன் என்ன பண்றான்கறது வேற கணக்கு."

"இதுல பூலோகம்னு ஒருத்தர் இருக்கார் சார். எங்கப்பா."

அவர் கண்ணாடியைப் போட்டுக்கொள்ளவில்லை. கண்ணாடி இல்லாத முகம் அசட்டுத்தனமாக இருந்தது.

"நீ ஏன் முதல்லயே சொல்லலை?"

"சொல்லியிருந்தா கோடு மாறியிருக்குமா சார்?"

மாறியிருக்காது. மாறியிருந்தால் அது தப்புக் கணக்கு. அப்பாவைப் பற்றிக் கம்ப்யூட்டர் சொன்னதில் ஒரு வார்த்தை பொய் இல்லை. நான் என் இடத்துக்குப் போய் அடுத்த கட்டைப் பிரித்தேன். சோப்புக் கம்பெனிக் கட்டு. எந்த ஊரில் எந்த வாசனை பிடிக்கிறது என்று கேட்டிருந்தார்கள்.

அப்பாவை மில்லில் நிறுத்திவிட்டார்கள். அன்று வீட்டுக்கு வந்தவருக்கு வந்த கோபம் மாதிரி நான் பார்த்ததில்லை.

"முட்டுதுன்னு சொன்னவனையெல்லாம் வச்சிருக்கான். முட்டலன்னு சொன்ன என்னைய வீட்டுக்குப் போங்கான். இது எந்த ஊரு நியாயம்ளா? மிசினு சொல்லிச்சாம்! எந்த மிசினு? என் நெஞ்சு எனக்குத் தெரியுமா, மிசினுக்குத் தெரியுமா?"

எந்த மிஷின் என்று நான் சொல்லவில்லை. ரசத்தை ஊற்றினேன். பாதியில் இருமல் வந்தது. தட்டைத் தள்ளிவிட்டு வெளியே போய் உட்கார்ந்தார்.

அதற்கப்புறம் நான் ஆபீசுக்குக் கிளம்பும்போது அப்பா பாயில் படுத்திருப்பார். திரும்பி வரும்போதும் அப்படியே படுத்திருப்பார். தூங்குகிறார், கிடக்கட்டும், தூசியை விட்டாவது வந்தாரே என்று நினைத்தேன். ஒரு திங்கட்கிழமை காலையில் கைப்பையை மறந்துவிட்டு, பாதி வழியிலிருந்து திரும்பினேன். வீடு பூட்டியிருந்தது. சந்து முனையில் வில் நாணின் சத்தம் கேட்டது.

ஜெயினுலாப்தீன் மாமா பட்டறை வாசலில் தைத்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் ஊசியைக் கீழே வைத்தார்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் தாயி. டெய்லி வந்து ஒக்காந்துக்கிடுதாரு. நீ வர்ற நேரம் பாத்து எந்திரிச்சுப் போறாரு. போங்கன்னு கழுத்தப் பிடிச்சு எப்பிடித் தள்ள?"

உள்ளே ஜன்னல் இல்லை. மேலே ஒரு தகரத்தை விலக்கி வைத்திருந்தார்கள். அதன் வழியாக வந்த வெளிச்சத்தில் பஞ்சு மிதந்துகொண்டிருந்தது. அப்பா குனிந்து அடித்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் அடிப்பார், நிறுத்துவார், வாயைத் திறந்து மூச்சு எடுப்பார், மறுபடியும் அடிப்பார். மில் ப்ளோ ரூமில் மேலே காற்றாடியாவது உண்டு.

எனக்குக் கோபம் வந்தது. அம்மா போன பிறகு எனக்கு வந்த முதல் கோபம். தலையிலிருந்து கால் வரைக்கும் சூடாக ஏறியது.

"வீட்டுக்கு வாங்கப்பா!"

நான் கத்தினதில் மாமா எழுந்து நின்றுவிட்டார். அப்பா நிமிர்ந்து பார்த்தார். புருவத்தில் பஞ்சு ஒட்டியிருந்தது.

"வீட்டுல வந்து என்னத்தளா செய்ய?"

"படுங்க. ரேடியோ கேளுங்க. சும்மா இருங்க."

"ஞாயித்துக்கெழம ஒரு நாளே என்னால தாங்க முடியல. ஏழு நாளும் ஒங்கம்மை இல்லாத வீட்டுல எப்பிடி இருக்கச் சொல்லுத?"

"நானும்தான் அங்க இருக்கேன்." என் குரல் எனக்கே அடையாளம் தெரியவில்லை. "நான் இருக்கேன்லாப்பா அந்த வீட்டுல."

நான் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே போய், அவருக்கு எதிரே பஞ்சுக் குவியலுக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். ஆபீசுக்கு நேரமாகிவிட்டது. போகட்டும். உட்கார்ந்த உடனே தொண்டை கரகரத்தது. இரண்டு தடவை இருமினேன்.

அப்பாவின் கை வில்லிலேயே நின்றது.

"ஏளா, எந்திரி. வெளிய போ. இங்கன இருக்காத. தூசி நெஞ்சுக்கு ஆவாது."

"நீங்க எந்திரிங்க. நானும் எந்திரிக்கேன்."